திரும்பி வந்த வீட்டில் கறை நீக்குதல்: துணி, பாய், மெத்தை, விரிப்பு

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெள்ளாங்குளத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த மாந்தை மேற்குக் கிராமங்களிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள், இடத்துக்கிடம் நகர்ந்து, 2009 மே மாதத்தின் பின்னர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் தங்கி, பிறகு ஊர் திரும்பின. திரும்பி வந்தவர்களிடம் இருந்த துணிமணிகள் மிகக் குறைவு. கையோடு கொண்டுவந்த ஒரு மூட்டை, நிவாரணமாகக் கிடைத்த பாய், பெட்சீற், துவாய், நுளம்புவலை, பழைய வீட்டில் எஞ்சிக் கிடந்த சில பொருட்கள் என்பவையே பல வீடுகளின் முழுச் சொத்தாக இருந்தன. அவற்றில் ஒன்றைக் கறை பட்டது என்பதற்காக எறிந்துவிட்டால், அதற்குப் பதிலாக இன்னொன்றை வாங்குவது எளிதாக இருக்கவில்லை.

துணியில் படும் கறைகளில் மக்கள் அதிகம் கைவிடுபவை இரண்டு. ஒன்று இரத்தக் கறை. மற்றது நாய், பூனை, ஆடு, எலி, வௌவால் போன்றவற்றின் சிறுநீரும் எச்சமும். இவ்விரண்டும் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை போகும். போகாமல் நிலைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அவசரப்பட்டுச் செய்யும் முதல் வேலைதான்: சுடுதண்ணீர் ஊற்றுவது, வெயிலில் போடுவது, குளோரின் தூளைக் கொட்டுவது. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கழுவத் தொடங்குமுன்

நீண்ட காலம் ஆட்கள் இல்லாதிருந்த வீட்டில் கிடக்கும் துணி மூட்டை, தகரப்பெட்டி, சுருட்டிய பாய், மெத்தை ஆகியவற்றை உடனே தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் குழுவினர் பாதுகாப்பானது என்று கையளித்த காணிக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். மூட்டைக்குள் கம்பி, உலோகத் துண்டு, இனந்தெரியாத பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளை இவ்வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

யாருடையது என்று தெரியாத, இரத்தம் படிந்த உடைகளோ, எலும்பு போன்றவையோ காணப்பட்டால் அவற்றைக் கழுவவும் எரிக்கவும் புதைக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிராம அலுவலர் ஊடாக உரியவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இன்னொரு வகைத் துணியும் இருக்கிறது. அது உங்கள் குடும்பத்தில் இறந்துபோன அல்லது காணாமற்போன ஒருவருடைய உடை. மகனின் சேட்டையோ கணவரின் சாரத்தையோ கறையோடு வைத்திருப்பவர்கள் பலர். வீட்டைத் துப்புரவாக்கும்போது, “இதையும் கழுவி முடித்துவிடுங்கள்” என்று உறவினர்கள் அக்கறையோடு சொல்வதுண்டு. கழுவுவதா, அப்படியே வைத்திருப்பதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. அதற்குக் காலக்கெடு கிடையாது. நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. காணாமற்போன ஒருவர் அணிந்த கழுவாத உடை, அவர் பாவித்த சீப்பு, பல் துலக்கும் தூரிகை போன்றவற்றில் மரபணுத் தடயம் இருக்கலாம். பிற்காலத்தில் அடையாளம் காணும் பரிசோதனை நடந்தால் அது உதவக்கூடும். கழுவினால் அத்தடயம் குறையும். குளோரின் பட்டால் அழியும். ஆகவே அத்தகைய உடையை நிழலில் நன்கு உலரவிட்டு, சுத்தமான காகிதத்தில் சுற்றி, காகித உறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். சொப்பிங் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். உறையின் மேல் பெயரையும், எப்போது யார் எடுத்து வைத்தது என்பதையும் எழுதிவிடுங்கள். கையால் அடிக்கடி தொடாமல் இருப்பது நல்லது.

இரத்தக் கறை ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஈமோகுளோபின் என்ற புரதம். அதனுள் இரும்புச்சத்து இருக்கிறது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும்.

முதலாவது, புரதம். முட்டையின் வெள்ளைக்கரு தண்ணீரில் கரையக்கூடியது, அவித்தபின் கரையாது. இரத்தமும் அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரில் அது கரைந்து வெளியேறும். சுடுதண்ணீர் பட்டால் நூலுக்குள்ளேயே இறுகிவிடும். கறை போகுமுன் துணியைக் கடும் வெயிலில் போட்டாலும் ஸ்திரிக்கை போட்டாலும் இதே விளைவுதான். மாவு படிந்த பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் பழகிய கைகள், இரத்தத்துக்கும் அதையே செய்துவிடுகின்றன.

இரண்டாவது, இரும்பு. நாட்பட்ட கறை சிவப்பிலிருந்து மண்ணிறமாக மாறுவது அதனால்தான். புரதம் போன பின்னரும் துருப்போன்ற ஒரு வட்டம் எஞ்சலாம். அதற்குச் சவர்க்காரம் போதாது. புளிப்புள்ள பொருள் வேண்டும்.

புதிய இரத்தக் கறை

1. உங்கள் வீட்டாருடைய இரத்தம் அல்லாவிட்டால், அல்லது கையில் வெட்டுக்காயம் இருந்தால், கையுறை அணியுங்கள். கையுறை இல்லையென்றால் ஓட்டையில்லாத சொப்பிங் பையைக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஈரல் அழற்சி பி வைரசு உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

2. ஈர இரத்தத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கறை அகலமாகும், நூலுக்குள்ளும் இறங்கும்.

3. கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். அப்போது இரத்தம் வந்த வழியே வெளியே தள்ளப்படும். முன்பக்கத்திலிருந்து ஊற்றினால் அது துணியைக் கடந்து போக வேண்டியிருக்கும்.

4. குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். தண்ணீர் சிவந்தால் மாற்றுங்கள்.

5. சலவைச் சவர்க்காரத்தைக் கறையின் மேல் பூசி, துணியோடு துணியை மெல்ல உரசி அலசுங்கள்.

6. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை தெரிந்தால் 4ஆம், 5ஆம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். முற்றாகப் போன பின்னர்தான் கொடியில் போட வேண்டும்.

காலையில் பட்ட கறையைக் காலையிலேயே இவ்வாறு செய்தால், பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது.

நாட்பட்ட இரத்தக் கறை

பல மாதங்கள் மூட்டையில் கிடந்த துணிக்கு ஒரு நாளும் ஓர் இரவும் ஒதுக்குங்கள். கீழே உள்ள ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

முதலில் உப்புத் தண்ணீர். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, துணியை இரவு முழுவதும் அமிழ்த்தி வையுங்கள். காலையில் காய்ந்த இரத்தம் இளகியிருக்கும். சாயம் போகும் நிறத் துணியானால் ஒரு மூலையை மட்டும் முதலில் நனைத்துப் பாருங்கள்.

அடுத்து, நொதியம் சேர்ந்த சலவைத் தூள். புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் நொதியங்கள் பல சலவைத் தூள்களில் இருக்கின்றன, பைக்கற்றில் எழுதியிருக்கும். ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ ரோம் என்ற இரசாயனவியலாளர் 1913இல், விலங்குகளின் சதையத்திலிருந்து எடுத்த நொதியத்தைத் துணி கழுவப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். நொதியத்தால் துணி கழுவும் அந்த எண்ணமே இன்று சலவைத் தூளாக நம் கைக்கு வந்திருக்கிறது. இறைச்சி மெதுமையாகப் பப்பாசிக்காய் போட்டுச் சமைக்கும்போது நடப்பதும் இதே வகை வேலைதான். ஆனால் பப்பாசிப் பாலைத் துணியில் தேய்க்க வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும். நொதியம் வேலை செய்ய நேரம் வேண்டும். கை வைத்தால் சுடாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் தூளைக் கரைத்து, உப்புத் தண்ணீரில் ஊறி அலசிய துணியை ஒரு மணித்தியாலமாவது அதில் வையுங்கள். கொதிநீர் நொதியத்தையே கெடுத்துவிடும்.

இதன்பின்னும் கறை தெரிந்தால், வெள்ளைப் பருத்தித் துணிக்கு ஐதரசன் பெரொக்சைட்டு உதவும். பாமசியில் 3 சதவீதக் கரைசலைக் கேளுங்கள். 6 சதவீதம்தான் உண்டென்றால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். கறையில் சில துளிகள் விட்டதும் நுரைக்கும். இரத்தத்தில் உள்ள நொதியம் அதைச் சிதைப்பதால் வரும் நுரை அது; பயப்பட வேண்டாம். நுரை அடங்கியதும் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். நிறத் துணியின் சாயத்தை இது வெளிற்றக்கூடும்.

கடைசியாக எஞ்சுவது துரு நிற வட்டம். அதன் மேல் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்து, பிறகு நிறைய தண்ணீரில் அலசுங்கள். வெயில் உதவுவது இந்தக் கடைசிப் படியில்தான். தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கலாம். கையை உடனே கழுவிக்கொள்ளுங்கள்.

துணிக்கேற்ற கவனம்

கூறைச் சேலையும் பட்டு வேட்டியும்: பட்டு நூலே ஒரு புரதம். ஆகவே புரதத்தை வெட்டும் நொதியத் தூள் பட்டையும் அரிக்கும். குளோரின் பட்டைக் கரைத்தே விடும். கம்பளி உடைக்கும் இதுவே பொருந்தும். பட்டில் குளிர்ந்த தண்ணீரும், சிறிதளவு குழந்தைகளுக்கான சவர்க்காரமும் மட்டும் போதும். முறுக்கிப் பிழியாமல், துவாயில் சுற்றி ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். முழுதும் போகாத சிறு கறை மிஞ்சினால் அத்தோடு விடுங்கள். மடிப்பின் உள்ளே மறைந்துவிடும் கறைக்காகக் கூறையையே இழக்கத் தேவையில்லை.

நுளம்புவலை: நசுங்கிய நுளம்பின் இரத்தப் புள்ளிகள் வலையில் அடிக்கடி காணப்படும். வழங்கப்பட்ட வலைகள் பூச்சிகொல்லி ஊட்டப்பட்டவை. ஏறத்தாழ 20 தடவை கழுவும்வரை அல்லது 3 வருடம்வரை அம்மருந்து வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகின்றன. எனவே புள்ளி தெரியும்போதெல்லாம் முழு வலையையும் கழுவ வேண்டாம். புள்ளியை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுங்கள். முழு வலையையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கழுவாமல், குளிர்ந்த தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும், ஊறவிடாமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன்கள் சாகும், குழியில் ஊற்றுங்கள்.

மாதவிடாய்த் துணி, பிரசவப் படுக்கை, காயமுற்றவரின் படுக்கை

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சம் இருக்கிறது. கூச்சத்தால் பெண்கள் மாதவிடாய்த் துணியை இருட்டில் அவசரமாக அலசி, மற்ற உடைகளின் கீழோ கூரையின் உள்ளேயோ மறைத்து உலர்த்துகிறார்கள். ஈரம் காயாத துணியில் கிருமியும் பூஞ்சணமும் வளரும். அரிப்பும் தொற்றும் வரும். மாதவிடாய்த் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நேர் வெயிலில் முற்றாக உலர்த்துவதே சரியான முறை. பிறர் பார்வை படாத இடம் வேண்டுமானால், வேலிக்குள் ஒரு கொடி கட்டி மேலே மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளலாம். காற்றும் சூடும் படவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதை அம்மாவோ அம்மம்மாவோ சொல்லிக்கொடுங்கள். வீட்டில் ஆண்களும் இத்துணிக்குத் தனி வாளியும் கொடியும் தேவை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிரசவத்தின்போதும் அதன் பின்னரும் இரத்தம் படிந்த துணிகளை மற்ற உடைகளோடு சேர்க்காமல் தனியாகக் கழுவுங்கள். இரத்தப்போக்கு வழமையை விட அதிகமாகத் தெரிந்தால் கறையைப் பற்றி யோசிக்காமல் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள் அல்லது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எத்தனை துணி நனைந்தது என்று சொல்லக்கூடியதாக இருந்தால் அது அவர்களுக்குப் பயனுள்ள தகவல்.

எறிகணைச் சிதறலால் காயமுற்றவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்களும் உள்ள வீடுகளில் காயக் கசிவு தினமும் துணியில் படும். பெட்சீற்றின் கீழே தறப்பாள் துண்டொன்றை விரித்தால் மெத்தை காப்பாற்றப்படும். அதன் மேல் மடித்த பழைய சாரத்தைப் போட்டால், முழு விரிப்புக்குப் பதில் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் தறப்பாள் சுருங்கிக் கிடந்தால் அதுவே படுக்கைப் புண்ணை உண்டாக்கும். தினமும் இழுத்துச் சீராக்குங்கள். கறையின் நிறமும் மணமும் மாறினால், புதிய இடத்தில் இரத்தம் தெரிந்தால், அது காயம் கேட்கும் உதவி. மருந்து கட்டும் தாதியிடம் சொல்லுங்கள்.

நாய், பூனை, எலி, வௌவால் விட்ட கறைகள்

ஆட்கள் இல்லாத வீடுகளில் விலங்குகள் குடியிருந்திருக்கும். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் அப்படியே கூட்ட வேண்டாம். தூசு எழும்பி நெஞ்சுக்குள் போகும். முதலில் கதவு, யன்னல்களை அரை மணித்தியாலம் திறந்து வையுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியபின் அள்ளுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் புண் இருப்பவர்கள் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கக்கூடாது. பூனை மலத்திலுள்ள ஒரு கிருமி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் இவ்வேலையிலிருந்து விலகியிருக்கட்டும்.

சிறுநீர்க் கறையில் நிறத்தை விட மணமே பெரிய தொல்லை. புதிய சிறுநீரில் யூரியா இருக்கிறது. கிருமிகள் அதை அமோனியாவாக மாற்றும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. அதோடு, தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலப் பளிங்குகளும் நூலில் தங்கும். அதனால்தான் வெயில் காலத்தில் மணம் போய்விட்டதென்று நாம் நினைத்த மெத்தை, வாடைக்காற்றோடு மாரி மழை வந்து ஈரம் ஏறியதும் மீண்டும் மணக்கிறது. நாயும் பூனையும் அந்த மணத்தை முகர்ந்து அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது:

1. ஈரமாக இருந்தால் பழைய துணியால் அழுத்தி ஒற்றுங்கள். மலமோ வாந்தியோ என்றால் அட்டைத் துண்டால் அள்ளி அகற்றுங்கள்.

2. குளிர்ந்த தண்ணீரால் நனைத்து ஒற்றுங்கள். இங்கும் சுடுதண்ணீர் வேண்டாம்.

3. ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கறையில் தெளித்து, 15 நிமிடம் விட்டு ஒற்றுங்கள். புளிப்பு அமோனியாவின் நெடியை அடக்கும்.

4. ஓரளவு உலர்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டி எடுங்கள். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே நேரத்தில் கலந்தால் பொங்குமே தவிர, ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

5. துவைக்கக்கூடிய துணியானால் இதன்பின் நொதியச் சலவைத் தூளில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

6. முற்றாக உலர்ந்த பின் முகர்ந்து பாருங்கள். ஈரத்தில் முகர்ந்தால் சரியாகத் தெரியாது.

தெருநாய் படுத்த துணியைத் துவைப்பதில் அச்சம் தேவையில்லை. ஆனால் துப்புரவு செய்யும்போது நாயோ பூனையோ கடித்தால் அல்லது கீறினால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோய் தொடங்கியபின் காப்பாற்ற வழியில்லை; தடுப்பூசி உரிய நேரத்தில் காப்பாற்றும்.

பாய், மெத்தை, காப்பெற் விரிப்பு

பனை ஓலைப் பாயையும் பன்பாயையும் ஊறவைக்கக் கூடாது. ஓலை ஊதி, காய்ந்ததும் முறியும். உப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் இழையின் போக்கில் துடைத்து, நிமிர்த்தி வைத்து இரு பக்கமும் காற்றுப்பட விடுங்கள். நிவாரணமாகக் கிடைத்த பிளாஸ்ரிக் பாயைத் தாராளமாகக் கழுவலாம்.

பஞ்சு, தும்பு, ஸ்பொஞ்ச் மெத்தைகளில் தண்ணீரை வாளியால் ஊற்றினால் கறை உள்ளே இறங்கும்; உள்ளே உலர்வதற்குப் பல நாளாகும். சவர்க்கார நுரையை மட்டும் துணியில் எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பிறகு ஈரத்துணியால் நுரையை எடுத்து, கறை போனதும் நிமிர்த்தி வெயிலில் வையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்கள் மெத்தை உலர்த்த நல்ல காலம். மாரியில் மெத்தையை நனைக்கும் வேலையைத் தொடங்காதீர்கள்.

தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை அலுவலகம் போன்ற இடங்களிலும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய வீட்டுப் பொருட்களிலும் காப்பெற் விரிப்பு இருக்கலாம். அதற்கும் இதே முறைதான்: ஒற்றுதல், சிறிதளவு தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவுக்கு. விரிப்பின் கீழ்ப்பக்கத்தையும், அதன் கீழுள்ள தரையையும் பார்க்க மறக்க வேண்டாம். சிறுநீர் கீழே தேங்கியிருந்தால் மேலே எவ்வளவு துடைத்தாலும் மணம் போகாது.

சீமெந்துத் தரையில் இரத்தம் சிந்தியிருந்தால், துணியால் ஒற்றி எடுத்தபின், ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு மேசைக்கரண்டி குளோரின் தூள் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கழுவலாம். இது தரைக்கு மட்டுமான அளவு.

ஒருபோதும் கலக்கக் கூடாதவை

கிணறு சுத்திகரிக்க வழங்கப்படும் குளோரின் தூள் சில வீடுகளில் இருக்கலாம். கறைக்கும் அதுவே மருந்து என்று எண்ணிச் சிலர் பாவிக்கிறார்கள். தயவுசெய்து கவனியுங்கள்:

- சிறுநீர் படிந்த துணியிலோ தரையிலோ நேரடியாகக் குளோரினைப் போட வேண்டாம். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு உண்டாகும். முதலில் தண்ணீரால் நன்கு கழுவியிருக்க வேண்டும்.

- குளோரினோடு தேசிக்காய், வினாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலம் எதையும் சேர்க்க வேண்டாம். வரும் வாயு மூச்சை அடைக்கும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

- இரும்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் குளோரின் சேர்த்து வெள்ளைத் துணியை ஊறவைத்தால், தண்ணீரிலுள்ள இரும்பு துருவாகிப் புதிய மஞ்சள் புள்ளிகளை உண்டாக்கும்.

- கண் எரிந்து, இருமல் வந்தால் உடனே வெளியே வந்து காற்றுள்ள இடத்தில் இருங்கள். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி

கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவராகவும் கனமாகவும் இருக்கிறது. அதில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைத் திரையாகத் துணியில் படியும். அந்தத் திரை கறையையும் பிடித்து வைக்கும். உவர்த் தண்ணீரை முதல் ஊறவைப்புக்குப் பயன்படுத்துங்கள். சவர்க்காரம் போடும்போதும் கடைசி அலசலுக்கும் நல்ல தண்ணீரை அல்லது சேமித்த மழைத் தண்ணீரைப் பாவியுங்கள். சவர்க்காரக் கட்டியை விடச் சலவைத் தூள் கனமான தண்ணீரில் நன்றாக வேலை செய்யும்.

அவசரகால நிவாரணத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது சர்வதேச ஸ்பியர் நியமம். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் அதுவே. ஆகவே வாளியில் ஊறவைப்பதே சிக்கனம். இரத்தமும் மலமும் கலந்த தண்ணீரைக் கிணற்றுக் கட்டில் ஊற்றாமல், கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி வெட்டிய குழியில் ஊற்றி மண்ணால் மூடுங்கள்.

மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்கெனவே சுடுதண்ணீரில் கழுவிவிட்டோம். இனிப் போகாதா?
கடினம்தான், ஆனால் முயலலாம். நொதியத் தூளில் ஓர் இரவு ஊறவையுங்கள். இரண்டு, மூன்று தடவையில் பெரும்பாலும் மங்கிவிடும்.

கறை மங்கலாக எஞ்சிய துணியை அணியலாமா?
சவர்க்காரத்தில் கழுவி, வெயிலில் உலர்ந்த துணியில் எஞ்சுவது நிறம் மட்டுமே. அதை அணியலாம், குழந்தைக்கும் விரிக்கலாம்.

எந்தத் துணியை எறிய வேண்டும்?
தொட்டால் கிழியும் அளவுக்கு உக்கியது, உட்புறம் வரை பூஞ்சணம் பிடித்த மெத்தை, எலி கூடு கட்டிய தலையணை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். அவற்றைக் குழியில் புதையுங்கள். காணியில் தீ மூட்டுவதும் ஆழமாகத் தோண்டுவதும் கண்ணிவெடி அகற்றிய பகுதிக்குள் மட்டும்.

இரத்தம் படிந்த துணியைக் கண்டாலே அம்மாவுக்கு நடுக்கம் வருகிறது. என்ன செய்வது?
அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். கழுவும்படியும் அவரை வற்புறுத்த வேண்டாம். பார்க்கும்படியும் வற்புறுத்த வேண்டாம். நித்திரையின்மை, பயம், சாப்பிட மனமில்லாமை பல வாரங்கள் தொடர்ந்தால் அரச வைத்தியசாலையின் ஊடாக உளநலச் சேவையைப் பெறலாம். அது விசர் என்பதல்ல. பட்ட துன்பத்துக்கு உடலும் மனமும் காட்டும் விளைவு.

சுவரில் ஒட்டி வைக்க

- முதலில் முடிவு: கழுவ வேண்டிய துணியா, பாதுகாத்து வைக்க வேண்டியதா?
- இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எப்போதும் குளிர்ந்த தண்ணீர்.
- ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.
- கறை போகுமுன் வெயிலும் ஸ்திரிக்கையும் வேண்டாம்.
- பட்டுக்கு நொதியத் தூளும் குளோரினும் ஆகாது.
- குளோரினோடு சிறுநீரும் புளிப்பும் சேரக்கூடாது.
- மாதவிடாய்த் துணியை வெயிலில் உலர்த்துங்கள்.
- அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்கு எட்டத்தில்.

குளோரின் தூளின் அளவு, கிணற்றுத் தண்ணீர் தொடர்பான சந்தேகங்களுக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், தாய்மார், பெண்பிள்ளைகள் தொடர்பான கேள்விகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தரையும் அணுகுங்கள்.